விழுவதற்கு முன்பே கடிகாரம் சொல்லுமா?

முதியோர் நலம்: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் வயதானவர்கள் கீழே விழுவதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடிகாரம், போன், சென்சார், கேமரா என்றுதான் இருக்கின்றன. நான் பிசியோதெரபிஸ்ட், எஞ்சினியர் இல்லை. ஆனாலும் இந்தக் கருவிகளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் நடக்கவிட்டுப் பார்க்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு படுக்கையறையில் விழுந்துவிட்டார், நல்லவேளை எலும்பு முறியவில்லை. விழுந்தால் தானாகவே போன் செய்யும் ஸ்மார்ட்வாட்ச் ஒன்றைத் தம்பி வாங்கிக் கட்டிவிட்டு, "இனிமே கவலையே வேண்டாம் அக்கா" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது போதுமா, மேடம்?

போதாது. அதற்காகத் தம்பியைத் திட்டிவிடாதீர்கள், அவர் செய்ததில் பாதி சரி.

அந்தக் கடிகாரம் செய்வது, விழுந்துவிட்டதைக் கண்டுபிடிக்கும் வேலை. விழப்போகிறாரா என்று பார்ப்பது முற்றிலும் வேறு வேலை. விளம்பரங்களில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். கடிகாரத்துக்குள்ளே ஆக்சிலரோமீட்டர் என்று ஒரு பொடிச் சில்லு இருக்கிறது, நம் அசைவின் வேகம் எப்படி மாறுகிறது என்று நொடிக்குப் பல தடவை அளந்துகொண்டே இருக்கும். ஆள் விழும்போது ஒரு கணம் எடையே இல்லாத மாதிரி அந்த அளவு சரியும், தரையில் மோதியதும் சட்டென்று எகிறும், அப்புறம் அசைவே இருக்காது. இந்த மூன்றும் வரிசையாக வந்தால் விழுந்துவிட்டார் என்று கடிகாரம் முடிவு கட்டும். ஆப்பிள் வாட்ச்சில் 2018-ல் வந்த சீரீஸ் 4-லிருந்து இந்த வசதி உண்டு. விழுந்தபின் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் அதுவே அவசர உதவியை அழைக்கும்.

ஆனால் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுவதும் விழுவதுதான். அதில் மோதல் பலமாக இருக்காது, கடிகாரம் தவறவிடலாம். இன்னொன்று, பெரும்பாலானவர்கள் அதை ராத்திரி கழற்றி சார்ஜில் போடுகிறார்கள். அம்மா 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது கடிகாரம் மேசைமேல் படுத்திருக்கும். சார்ஜ் போடும் நேரத்தைப் பகலில் அவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் வேளைக்கு மாற்றுங்கள், குளிக்கும்போதும் கழற்ற வேண்டாத மாடலா என்று பாருங்கள். விழுந்தவர் எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடப்பது விழுந்த அடியைவிட மோசமாகப் போய்விடும், தசை நசுங்கும், உடம்பில் தண்ணீர் வற்றும். அந்த நேரத்தைக் குறைக்கக் கடிகாரம் உதவும். அதனால்தான் பாதி சரி என்றேன்.

மீதிப் பாதி, அம்மா ஏன் விழுந்தார் என்பது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுந்த உடனே தலை சுற்றியதா, எதிலாவது கால் தடுக்கியதா, முட்டி மடங்கியதா, என்ன நடந்தது என்றே நினைவில்லையா? கடைசியாகச் சொன்னது என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், அது நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு தகவலை மிஞ்சும் சென்சாரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: எனக்கு 71 வயது, இன்றுவரை விழுந்ததே இல்லை. திடீரென்று என் ஐபோன், நடையில் நிலைத்தன்மை குறைவாக இருக்கிறது என்று அறிவிக்கிறது. போன் உளறுகிறதா?

உளறவில்லை. முழுசாகவும் சொல்லவில்லை.

2021-லிருந்து ஐபோன் 8-க்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் இந்த வசதி இருக்கிறது. போன் பாக்கெட்டிலோ இடுப்புப் பக்கமோ இருக்க, நீங்கள் சமதரையில் நடக்கும்போது, நடை வேகம், எட்டின் (காலடியின்) நீளம், இடது காலுக்கும் வலது காலுக்கும் உள்ள வித்தியாசம், இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் தரையில் இருக்கும் நேரம் இதையெல்லாம் கணித்து, அடுத்த 12 மாதத்தில் விழும் வாய்ப்பு எப்படி என்று மூன்று படிகளில் சொல்கிறது. அதில் நடுப்படிதான் உங்களுக்கு வந்திருப்பது.

இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் என்றேன் இல்லையா, அதை ஈரத் தரையில் நடக்கும்போது கவனியுங்கள். ஒரு காலைத் தூக்கியிருக்கும் அந்தக் கணம்தான் ஆபத்தானது என்று உடம்புக்குத் தெரியும், உங்களைக் கேட்காமலே காலைச் சீக்கிரம் ஊன்றிவிடும். பேலன்ஸில் நம்பிக்கை குறைந்தவர்கள் காய்ந்த தரையிலும் அப்படித்தான் நடக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கே அது தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மாதக்கணக்கில் கூடவே இருக்கும் போனுக்குத் தெரியும். டாக்டர் உங்களை ஒரு நாள் பத்து நிமிடம் பார்க்கிறார், அதுவும் அவர் எதிரில் நீங்கள் நிமிர்ந்து நன்றாகத்தான் நடந்து காட்டுவீர்கள்.

சரி, முதலில் போனில் உங்கள் உயரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், எட்டின் நீளத்தைக் கணிக்க அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. சமீபத்தில் முட்டி வலி வந்ததா, புதுச் செருப்பா, போனைப் பையில் போட்டுத் தொங்கவிடும் பழக்கமா என்றும் யோசியுங்கள். இதெல்லாம் ஒன்றுமில்லை, ஆனாலும் சில வாரங்களாகப் போன் காட்டும் வரைபடக் கோடு இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி ஒரு தடவை பிபி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20-ஓ கீழ் அளவு 10-ஓ இறங்கினால், எழுந்தவுடன் வரும் கிறுகிறுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. எந்தப் போனும் இதைப் பார்க்காது. மாத்திரைச் சீட்டுகளையும் மொத்தமாகக் கொண்டுபோங்கள், குறிப்பாகத் தூக்க மாத்திரை, மனஅழுத்த மாத்திரை, பிபி மாத்திரை. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் அப்பாவின் இடுப்பில் ஒரு சென்சாரைக் கட்டி, நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னார்கள். 14 நொடி என்று எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு சின்னச் சோதனைக்கு எதற்குச் சென்சார்?

நல்ல கேள்வி. இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன், எனக்குப் பிடித்த விஷயம்.

அந்தச் சோதனையை 1991-ல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் இந்த வடிவத்தில் வெளியிட்டார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், தரையில் ஒரு கோடு, அவ்வளவுதான் தேவை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது, முதியோர் விழுவதைத் தடுப்பது பற்றி 2022-ல் வந்த உலக வழிகாட்டுதல் 15 நொடிக்கு மேல் என்கிறது. ஆக, அப்பாவின் 14 நொடி ஒரு கணக்கில் அபாயம், இன்னொரு கணக்கில் இல்லை! இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், அந்த எண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

ஸ்டாப்வாட்ச் மொத்த நேரத்தை மட்டும் சொல்லும், அந்த நேரம் எங்கே போனது என்று சொல்லாது. என்னிடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள், இரண்டு பேருக்கும் 14 நொடி. முதலாமவர் நாற்காலியின் முனைக்கு நகர்ந்து, கைப்பிடியை அழுத்தி, ஒரு தடவை எழும்பி மறுபடி உட்கார்ந்து, இரண்டாம் முயற்சியில் எழுந்தார். எழுந்த பிறகு நடை நன்றாகவே இருந்தது. அவருக்குப் பிரச்சினை தொடையில். இரண்டாமவர் சட்டென்று எழுந்தார், வேகமாகக் கோடு வரை போனார், திரும்பும் இடத்தில்தான் சிக்கல். நாம் இரண்டு மூன்று எட்டில் திரும்பிவிடுவோம், அவர் பொடிப்பொடியாக ஏழு காலடி வைத்தார், உடம்பு முழுவதும் ஒரே கட்டை மாதிரி சேர்ந்து திரும்பியது, கடைசி எட்டில் இடது கால் வலது காலில் உரசியது. அவரை நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். எண் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு.

சென்சார் இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறது. அதில் ஆக்சிலரோமீட்டரோடு, சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் இருப்பதால், எழ எவ்வளவு நேரம், திரும்ப எவ்வளவு நேரம், உட்காரும்போது மெதுவாக உட்கார்ந்தாரா தொப்பென்று விழுந்தாரா, ஒவ்வோர் எட்டும் ஒரே சீராக இருந்ததா என்று தனித்தனியாகக் காட்டும். அனுபவமுள்ளவர்கள் கண்ணாலேயே இதில் பாதியைப் பார்த்துவிடுவார்கள் என்பது என் கட்சி. ஆனால் எட்டுக்கு எட்டு நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை எந்தக் கண்ணும் அளக்க முடியாது, அங்கே கருவியிடம் தோற்றுப்போகிறேன்.

எனவே அடுத்த முறை போகும்போது "14 நொடி நல்லதா கெட்டதா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் நேரம் போகிறது?" என்று கேளுங்கள். சென்சார் கட்டிவிட்டு மொத்த நொடியை மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள் என்றால் ஸ்டாப்வாட்ச்சே போதும்.

இன்னொரு விஷயமும் பாருங்கள். 1997-ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு செய்தார்கள், கருவியே இல்லாமல். முதியவரோடு கூடவே நடந்து பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்ல நடையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்தில் விழுந்தார்கள். நடப்பதற்கே மூளை முழுக் கவனத்தையும் செலவழிக்கிறது என்று அர்த்தம். அப்பா அப்படி நிற்கிறாரா என்று இன்று சாயங்காலமே பார்த்துவிடலாம்.

கேள்வி: கருவி எதுவும் வாங்காமல் வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. மூன்று கேள்விகள்: கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றமாக இருக்கிறதா? விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. "விழுந்தீங்களா?" என்றால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள், "வழுக்கிச்சு, ஆனா விழலை, உட்கார்ந்துட்டேன்" என்பது அவர்கள் கணக்கில் விழுந்ததில் சேராது. வழுக்கியது, தடுக்கியது, உட்கார்ந்துவிட்டது எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து 10 நொடி நிற்க முடிகிறதா என்று பார்க்கலாம். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நின்றால் மட்டும். சோதனை செய்யப்போய் விழவைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: அப்பா தனியாக இருக்கிறார். அவர் அறையில் கேமரா வைக்கலாம் என்கிறாள் அக்கா. அப்பா முறைக்கிறார். கேமரா இல்லாமல் கவனிக்கும் கருவிகள் உண்டா?

முறைக்கத்தானே செய்வார்? நீங்கள் உடை மாற்றும் அறையில் யாராவது கேமரா வைத்தால் விடுவீர்களா?

கேமரா இல்லாத வழிகள் இருக்கின்றன. ஆளின் முகம் தெரியும்படி படம் எடுக்காமல் தூரத்தை மட்டும் அளக்கும் டெப்த் சென்சார், படுக்கையிலும் தரையிலும் போடும் அழுத்த விரிப்பு, ரேடியோ அலை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டீனா கட்டாபி என்ற பேராசிரியரின் குழு, உடம்பில் ஒன்றும் கட்டாமல், அறையில் வைத்த பெட்டியிலிருந்து போகும் ரேடியோ அலை ஆள்மேல் பட்டுத் திரும்புவதை வைத்தே நடையையும் விழுவதையும் கண்டறியும் கருவியை உருவாக்கி, 2015-ல் வெள்ளை மாளிகையில் ஒபாமா முன்னால் செய்து காட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பவரையும் அது கவனிக்கும். நடை வேகம் மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்று பார்க்க இந்த மாதிரிக் கருவி ரொம்பவே பொருத்தம், ஏனென்றால் கட்டிக்கொள்ள மறந்துபோகும் பிரச்சினையே இல்லை.

படுக்கையிலிருந்து எழுந்தால் கத்தும் அலாரத்தை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரியின் 16 பிரிவுகளில் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், அலாரத்தை அதிகமாகப் பயன்படுத்திய பிரிவுகளில் விழுவது குறையவில்லை. நர்ஸ்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், அக்கா இன்னோர் ஊரில் போனைப் பார்த்துக்கொண்டிருந்து என்ன செய்ய முடியும்?

எதை வைத்தாலும் அப்பாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அணைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஒளித்துவைத்த சென்சாரை ஒரு பெரியவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் போட்ட கதை எனக்குத் தெரியும். தப்பு அவர்மேல் இல்லை என்பேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு கொண்ட ஓர் ஆப், யார் விழுவார்கள் என்று 80 சதவீதம் சரியாகச் சொல்லுமாம். வாங்கலாமா?

80 சதவீதம் என்றால் என்ன என்று ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். 65 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார். கணக்குக்கு 100 பேரில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். விழப்போகும் 30 பேரில் ஆப் 80 சதவீதத்தைப் பிடித்தால் 24 பேர், 6 பேரை விட்டுவிடும். விழாத 70 பேரில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டால் 56 பேர், மீதி 14 பேரைச் சும்மா பயமுறுத்தும். ஆக, ஆப் சிவப்பு விளக்குக் காட்டிய 38 பேரில் 14 பேருக்கு அது பொய்.

அந்த 14 பேரைப் பற்றித்தான் என் கவலை. விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தவர் நடப்பதைக் குறைப்பார், குறைத்தால் கால் தசை கரையும், தசை கரைந்தால் நிஜமாகவே விழுவார். ஆப் சொன்னது கடைசியில் பலித்தே விடும்!

வாங்குமுன் விற்பவரிடம் கேளுங்கள்: யாரை வைத்துப் பழக்கினீர்கள்? விழுவதைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் பலவற்றை, ஆய்வுக்கூடத்தில் மெத்தைமேல் வேண்டுமென்றே விழுந்து காட்டிய இளைஞர்களை வைத்துத்தான் பழக்கியிருக்கிறார்கள். முட்டிவலியோடு வாக்கர் பிடித்து நடக்கும் 80 வயதுக்காரர் அப்படி விழுவதில்லை. அபாயத்தைக் கணிக்கும் ஆப் என்றால், ஏற்கெனவே விழுந்தவர்களை அடையாளம் கண்டதா, இல்லை விழாதவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து யார் விழுந்தார்கள் என்று சரிபார்த்ததா என்று கேளுங்கள். முதலாவது சுலபம். அதற்கு ஆப் எதற்கு, அவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்களே.

கேள்வி: எனக்கு 81 வயது. மகன் கையில் கடிகாரம் கட்டிவிட்டு, ஏன் இன்று காலடி எண்ணிக்கை குறைந்தது, ராத்திரி ஏன் எழுந்தாய் என்று தினமும் போனில் விசாரணை நடத்துகிறான். கழற்றி எறிந்துவிடலாமா, அம்மா?

எறிய வேண்டாம், உங்கள் வசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி எழுந்த கணக்கு மகனுக்கு எதற்கு? டாக்டருக்கு வேண்டுமானால் உதவும், நாலு தடவை எழுந்தால் அது மாத்திரையாலா, சிறுநீர்த் தொந்தரவா என்று பார்ப்பார். விழுந்தால் மட்டும் மகனுக்குச் செய்தி போகட்டும், மற்றதை நிறுத்தச் சொல்லுங்கள், கடிகாரத்தின் செட்டிங்ஸில் அதற்கு வழி இருக்கிறது.

மகனுக்கு ஒரு வார்த்தை, இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்: அளப்பதால் மட்டும் யாரும் விழாமல் இருப்பதில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடற்பயிற்சி விழும் எண்ணிக்கையை 23 சதவீதம் குறைத்தது, அதிலும் பேலன்ஸ் பயிற்சிக்கு நல்ல பலன். கண்புரை இருந்தால் சீக்கிரம் எடுத்துவிடுவதும் உதவும். எத்தனை காலடி என்று விசாரிக்கிற நேரத்தில் அம்மாவோடு சேர்ந்து நடக்கலாம்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், அம்மா. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள், யாராவது கூட இருக்கும்போது. உங்கள் வயதுப் பெண்களுக்கு 9-க்குக் குறைந்தால் கால் பலம் போதவில்லை என்று கணக்கு. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மேலே முயற்சி செய்யாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். முடிகிறது என்றால் எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வையுங்கள், மாதம் ஒரு தடவை போதும். மகன் போன் செய்தால் அவர் கேட்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிட்டு, "உனக்கு எத்தனை வருது, செஞ்சுட்டுச் சொல்லு" என்று கேளுங்கள்.